சொல் இருக்கிறது, பண் எங்கே?

நம் பங்குகளில் புழங்கும் பாட்டுப் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். வருகைப் பாடல், தியானப் பாடல், காணிக்கைப் பாடல், நன்றிப் பாடல் என்று வகை பிரித்து, எண்ணிட்டு, அகரவரிசையும் சேர்த்து நூற்றுக்கணக்கான பாடல்களை அழகாக அச்சிட்டிருக்கிறோம். அவற்றுள் ஒரே ஒரு பாடலையேனும், அதை முன்பின் கேட்டறியாத ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பாட முடியுமா? முடியாது. சில பழைய புத்தகங்களில் பாடலின் தலையில் ஓர் இராகப் பெயரும் ஒரு தாளப் பெயரும் இருக்கும். அது வீட்டு முகவரியில் ஊர்ப்பெயரை மட்டும் எழுதி அனுப்பிய கடிதம் போன்றது. அங்கே சொல் இருக்கிறது, பண் இல்லை. பாதிப் புத்தகங்களை முழுப் புத்தகங்கள் என்று நம்பி நாம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதைக் குறையாகவே கருதாதவர் பலர். "மெட்டுத்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்பது அவர்களுடைய விடை. ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் பிறந்த பாடல்களுக்கு இவ்விடை ஓரளவு பொருந்தும். ஒலிநாடாவுக்கு முன் பிறந்தவற்றின் கதி என்ன? தவக்காலப் புலம்பல்கள், வியாகுல அன்னையைப் பற்றிய பாடல்கள், இறந்தோர் வீட்டில் இரவெல்லாம் பாடப்பெற்றவை, இலத்தீன் திருப்பலி நடந்த நாள்களில் நம் பாட்டனார்கள் பொருள் அறியாமலும் பண் பிசகாமல் பாடிய 'கீரியே', 'தாந்தும் எர்கோ' ஆகியவற்றின் மெட்டு எல்லாருக்குமா தெரியும்? ஊருக்கு இரண்டு மூன்று முதியவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் அடக்கச் சடங்கிலும் அந்த எண்ணிக்கை குறைந்து வருகிறது. இவற்றை எழுதிவைக்க வேண்டும், இப்போதே எழுத வேண்டும், பொதுநிலையினராகிய நாமே எழுத வேண்டும் என்பதே இங்கு நம் வாதம்.

தங்கச்சிமடத்து முற்றத்தில்

பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, தீவின் நடுவில் இருக்கிறது தங்கச்சிமடம். ஒரு பக்கம் மீன்பிடித் தொழில், மறுபக்கம் மணல் தோட்டங்களில் மல்லிகை. அவ்வூரில் ஒரு மூதாட்டி பாடும் புலம்பலை எழுதிவைக்க எண்ணி, மடிக்கணினியுடன் அவர் வீட்டு முற்றத்தில் நாம் சில மாலைகள் அமர்ந்தோம். இசைக்குறியீடு எழுதும் மென்பொருளை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தோம். 'மியூஸ்கோர்' என்னும் அந்த மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது. பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த பழக்கமும், ஐந்து கோட்டுக் குறியீட்டில் சிறிது அறிமுகமும் நமக்கு இருந்தன. வேலை எளிதென்றே நினைத்தோம்.

மூதாட்டியின் பாட்டு ஒரே சுரத்தில் பல சொற்களை ஓதிக்கொண்டே போகும். திடீரென ஒரு படி ஏறும். ஏறிய இடத்தில் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நீண்டு, அலைந்து, மெல்ல இறங்கி ஆதார சுரத்தில் வந்து அமரும். இறக்கத்தின் முடிவில் ஒரு மூச்சு. அந்த மூச்சும் பாட்டின் பகுதியே. மென்பொருளோ திறந்தவுடனே நாலு தாளத்துக்குக் கட்டம் போட்டு வைத்திருந்தது. நாம் அவர் பாடியதை அந்தக் கட்டங்களுக்குள் அடைத்தோம். நீண்ட சுரம் ஒரு கோட்டைத் தாண்டினால் இரண்டாக வெட்டி முடிச்சுப் போட்டோம். ஓதிய சொற்களுக்கெல்லாம் சமமான கால அளவு கொடுத்தோம். எழுதி முடித்துப் பார்த்தபோது, அவர் மூச்சு விட்ட இடத்தில் கோடு இல்லை; கோடு விழுந்த இடத்தில் மூச்சு இல்லை. கணினியை அதை வாசிக்கச் செய்தோம். மூதாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரியாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது அழமாட்டேங்குதே."

அந்த ஒரு சொல்லில் நம் தவறு முழுவதும் அடங்கியிருந்தது. குறியீடு என்றாலே கட்டம் போட்ட ஐந்து கோடு என்று எண்ணியது நம் அறியாமை. தாளமில்லாத பாட்டுக்குத் தாளத்தைச் சுமத்தியது நம் குற்றம். இதே குற்றத்தைக் கீபோர்டின் தாளப் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு ஞாயிறும் நாம் செய்துவருகிறோம். பொத்தானில் இருக்கும் தாளத்துக்குள் அடங்காத பழம்பாடல் ஒன்றிருந்தால், பாடலைத் திருத்துகிறோம், பொத்தானை அணைப்பதில்லை. அப்படித் திருத்தப்பட்டதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அதையே மூலம் என்று நம்புகிறார்கள்.

பிறகுதான் மென்பொருளை நம் வழிக்குக் கொண்டுவரக் கற்றோம். தாளக் குறியை மறைக்கலாம். கட்டக் கோடுகளைக் காட்டாதிருக்கச் சொல்லலாம். ஒரு கட்டத்தின் நீளத்தைப் பாட்டின் ஒரு மூச்சளவுக்கு நீட்டலாம். சுரங்களின் காம்புகளை நீக்கி, தலைகளை மட்டும் நிறுத்தலாம். மூச்சு விடும் இடத்தில் மட்டும் ஒரு சிறு குறி. சொற்களை எழுதுவதும் தனிப் பாடம். இடைவெளி தட்டினால் அடுத்த சுரத்துக்குப் போகும். சிறுகோடு தட்டினால் சொல் பிரியும். அடிக்கோடு தட்டினால் எழுத்து அடுத்தடுத்த சுரங்களுக்கு நீளும். 'கண்ணீர்' என்பதைக் 'கண்' என்றும் 'ணீர்' என்றும் பிரிக்க வேண்டும். ஒற்று முன்னெழுத்தை விட்டுத் தனியே நிற்காது. இதற்கு இசைப் பேரறிவு வேண்டியதில்லை. பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் போதும். மூன்றாம் மாலை நாம் எழுதிய பக்கத்தைப் பார்த்து, அந்தப் புலம்பலைக் கேட்டறியாத ஓர் இளைஞர் பாடினார். மூதாட்டி இரண்டிடங்களில் திருத்தினார்; ஓரிடத்தில் கூடவே பாடினார்.

கோடு பிறந்த கதை

நாம் பட்ட இந்த இடர்ப்பாடு புதிதன்று. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்துப் புனித இசிதோர், ஒலிகளை எழுதிவைக்க இயலாததால் மனிதர் நினைவில் கொள்ளாவிடில் அவை அழிந்துபோகும் என்ற கருத்தைப் பதிவு செய்தார். அன்று ஐரோப்பியத் திருச்சபையின் நிலை இன்று தங்கச்சிமடத்தின் நிலையே. பின்னர் சொற்களின் தலைக்குமேல் சிறு கோடுகளும் கொக்கிகளும் இட்டுப் பண்ணின் ஏற்ற இறக்கத்தைக் காட்டத் தொடங்கினர். அவை பாட்டைத் தெரிந்தவனுக்கு நினைவூட்டும். தெரியாதவனுக்கு எவ்வளவு ஏறுவது, எவ்வளவு இறங்குவது என்று சொல்லா. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரெத்சோ நகரத்துத் துறவி குயிதோ, கோடுகளையும் அவற்றின் இடைவெளிகளையும் சுரங்களுக்கு நிலையான இருப்பிடமாக்கிய முறையைப் பரப்பினார். புனித திருமுழுக்கு யோவானைப் போற்றும் பாடலொன்றின் அடிதோறும் முதல் அசையை எடுத்து 'உத், ரே, மி, ஃபா, சோல், லா' என்று பெயரிட்டவரும் அவரே. பத்தாண்டு உழைத்தும் முழுமையாகப் பாட வராத நிலை மாறி, ஓராண்டிலோ மிஞ்சினால் ஈராண்டிலோ பாடகர் உருவாகலாம் என்று தம் கடிதம் ஒன்றில் அவர் மகிழ்ந்து எழுதினார்.

அம்முறையிலிருந்து வளர்ந்ததே நான்கு கோடும் சதுரச் சுரங்களும் கொண்ட திருச்சபையின் பழைய குறியீடு. அதன் இயல்புகளைக் கவனியுங்கள். அதில் தாளக் கட்டம் இல்லை. சொல்லின் ஓட்டமே பாட்டின் ஓட்டம். இன்ன சுருதியில்தான் பாட வேண்டும் என்ற கட்டளை இல்லை. எந்தக் கோட்டில் 'தோ' இருக்கிறது என்பது மட்டும் குறிக்கப்படும். அதைப் பாடுபவர் தம் குரலுக்கேற்ற உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓர் அசையின்மேல் பல சுரங்கள் வந்தால் அவற்றை ஒரே கூட்டாகச் சேர்த்து எழுதும் வடிவங்கள் உண்டு. சிறு மூச்சுக்கும் பெரு மூச்சுக்கும் வெவ்வேறு கோடுகள் உண்டு. ஒற்றைக் குரலில், தாளமின்றி, சொல்லைச் சுமந்து செல்லும் பாட்டுக்காகவே அது பிறந்தது. தங்கச்சிமடத்து முற்றத்தில் நாம் கேட்டதும் அத்தகைய பாட்டுத்தானே? இன்றைய ஐந்து கோட்டுக் கட்டங்களைவிட அந்த ஆயிரமாண்டு மரபு நம் புலம்பலுக்கு நெருங்கிய உறவாக நிற்கிறது.

இதற்கென்றே 'கிரிகோரியோ' என்னும் மற்றொரு விலையில்லா மென்பொருள் உண்டு. அதில் முதலில் அசையை எழுதுகிறோம். அதற்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் அதன் சுரங்களுக்குரிய எழுத்துகளைத் தருகிறோம். சதுரக் குறியீட்டுப் பக்கத்தைக் கணினி வரைந்து தருகிறது. இலத்தீன் உயிரெழுத்தைத் தேடி அதன்மேல் சுரத்தை நிறுத்துவது அதன் இயல்பாதலால், தமிழ் அசையின் நடுவிடத்தை நாமே குறித்துத் தர வேண்டியிருக்கும். தொடக்கத்தில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான் இருக்கும். ஆனால் சொல் முன்னே, சுரம் பின்னே என்ற அதன் ஒழுங்கு நம் பாடும் ஒழுங்கோடு ஒத்துப்போகிறது.

மறுப்புகளும் மறுமொழிகளும்

"கைப்பேசியில் பதிவு செய்தால் போதாதா?" என்பது முதல் மறுப்பு. பதிவு செய்யத்தான் வேண்டும்; அதை முதலில் செய்யுங்கள். ஆனால் பதிவு என்பது ஒருவர் ஒரு நாள் பாடியதன் நிழல். அன்று அவருக்கு இருமல் இருந்திருக்கலாம், ஓரடியை மறந்திருக்கலாம். எது பாட்டு, எது அன்றைய தடுமாற்றம் என்று பதிவு பிரித்துச் சொல்லாது. எழுத உட்காருகிறவன் கேட்டே தீர வேண்டும்: "இங்கே ஏறியது வேண்டுமென்றா, தவறியா?" அக்கேள்விக்கு விடை சொல்லப் பாடியவர் உயிரோடு இருக்க வேண்டும்.

"குறியீடு வெள்ளையர் சரக்கு, நம்முடையது செவிவழி மரபு" என்பது இரண்டாம் மறுப்பு. புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலைப் பாறையில் சுரக்கோவைகள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அறிஞர் கருதுகின்றனர். கல்லில் இசையை எழுதிய நாடு இது. 1893இல் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர், சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவர், கருநாடக இசைக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி வெளியிட்டார். அம்முயற்சியில் அவருக்குத் துணைநின்ற எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். கமகங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் வகுத்து நம் சுர எழுத்துகளிலேயே எழுதினார். இருவரும் ஒருவரையொருவர் மறுக்கவில்லை, உதவிக்கொண்டனர். எந்தக் குறியீடு என்பது இரண்டாம் கேள்வி. எழுதினோமா என்பதே முதல் கேள்வி.

எழுதாததன் பயனையும் இந்நாடு கண்டிருக்கிறது. தேவார ஏடுகள் செல்லரித்த நிலையில் மீட்கப்பட்டபோது பண்கள் தெரியாமல் போயின என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்தே அவற்றைப் பெற்றார்கள் என்றும் திருமுறை கண்ட புராணம் கூறும். அன்று ஒரு பெண்ணாவது எஞ்சியிருந்தார். சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுள் இன்று கச்சேரிகளில் ஒலிப்பவை பலவும் 20ஆம் நூற்றாண்டில் புதிதாக மெட்டமைக்கப்பட்டவை. சொல் அச்சேறிப் பிழைத்தது, பண் பிழைக்கவில்லை. கடலுக்கு அப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தவக்காலம்தோறும் ஓதப்பெறும் 'வியாகுலப் பிரசங்கம்' யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் (1676–1742) இயற்றியது. அதன் சொற்கள் நூலாகக் கிடைக்கின்றன. ஓதும் இராகமோ தொண்டையிலிருந்து தொண்டைக்குத்தான் போகிறது. இரு கரைக்கும் இதுவே நிலை.

"நம் குரலின் குழைவையும் நெளிவையும் கோட்டில் எழுத முடியாது" என்பது மூன்றாம் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்வோம். திருச்சபையின் பழஞ்சுவடிகளில் 'குயிலிஸ்மா' என்றொரு பல்பல்லான குறி உண்டு. குரல் நடுங்க வேண்டுமா, வழுக்கிச் செல்ல வேண்டுமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். குறி பிழைத்தது, குரல் பிழைக்கவில்லை. இதிலிருந்து எழுதவே கூடாது என்ற முடிவு வருமா? குரல் உள்ளபோதே எழுத வேண்டும், குறியோடு ஒலிப்பதிவையும் சேர்த்து வைக்க வேண்டும் என்ற முடிவே வரும். 19ஆம் நூற்றாண்டில் சிதைந்துகிடந்த கிரகோரியன் இசையை மீட்கப் பிரான்சின் சொலேம் துறவிகள் என்ன செய்தனர்? பல நாட்டுச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டனர். ஒரே பாடலின் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளைப் புகைப்படமாகவே வெளியிட்டனர். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903இல் திருஇசை பற்றிய ஆணை பிறப்பித்ததற்கும், 1908இல் வத்திக்கான் பாடல் பதிப்பு வெளிவந்ததற்கும் பின்புலமாக அவ்வுழைப்பு இருந்தது. பிழையாக எழுதியதைப் பல நூற்றாண்டு கழித்தும் திருத்த முடிந்தது. எழுதாமலே விட்டதை எவர் திருத்துவார்?

"சங்கத்துக்கு முந்திய காலத்துக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?" என்பது நான்காம் மறுப்பு. இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு (1963) திருஇசைக் கருவூலத்தைப் பேணுமாறு பணிக்கிறது. மறைபரப்பு நாடுகளில் மக்களுக்கே உரிய இசை மரபுக்கு உரிய இடம் தருமாறும் அதே ஏடு சொல்கிறது. இரண்டையும் ஒருசேரப் படித்தவர், இலத்தீன் பண்ணையும் கடற்கரைப் புலம்பலையும் ஒரே கூடையில் காப்பாற்றவே முனைவார். சங்கத்தின் பெயரைச் சொல்லி ஒன்றைக் கைவிட்டோம். கீபோர்டின் பெயரைச் சொல்லி மற்றொன்றைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கருவிக்கு அடிமையாகாமல்

கருவியைக் கண்மூடி நம்பவும் கூடாது. உலகெங்கும் இசையமைப்பாளர்கள் 35 ஆண்டுகள் பயன்படுத்திய 'ஃபினாலே' என்னும் மென்பொருளின் வளர்ச்சியை, 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் நிறுத்திவிட்டது. அதில் எழுதிக் குவித்த கோப்புகளை வேறு வடிவுக்கு மாற்றும் கவலை பலரைப் பற்றிக்கொண்டது. இது நமக்குப் புதிதா? 1990களில் அவரவர் எழுத்துருவில் தட்டச்சு செய்த நம் பங்கு மலர்களும் பாட்டுத் தொகுப்புகளும் இன்று திறந்தால் பொருளற்ற கிறுக்கலாகத் தெரிகின்றனவே! ஆகவே மூன்று விதிகளைக் கைக்கொள்வோம். சொற்களை ஒருங்குறியிலேயே எழுதுவோம். ஐந்து கோட்டில் எழுதியதைப் பல மென்பொருள்களும் படிக்கும் 'மியூசிக் எக்ஸ்.எம்.எல்.' வடிவிலும் சேமிப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல தாளில் அச்சிட்டுப் பங்கு ஆவணங்களோடு வைப்போம். திருமுழுக்குப் பதிவேட்டைக் காக்கும் அலமாரியில் பாட்டுக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. ஒவ்வொரு பங்கின் பாடகர் குழுவும் இரண்டு இளைஞரைத் தேர்ந்துகொள்ளட்டும். பழம்பாடல் தெரிந்த முதியவர்கள் யார் யார் என்று அன்பியக் கூட்டங்களில் கேட்டுப் பட்டியல் எடுக்கட்டும். முதலில் பதிவு, பிறகு எழுத்து, பிறகு எழுதியதை அவர்கள் முன் பாடிக் காட்டித் திருத்தம். பாடியவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பக்கத்தின் அடியில் குறிக்கட்டும். இன்ன இராகம் என்று பெயர் சூட்டும் அவசரமோ, அழகுபடுத்தும் ஆசையோ வேண்டாம். கேட்டதைக் கேட்டபடி எழுதுவதே நேர்மை. பாட்டுப் புத்தகம் வெளியிடும் நம் நிலையங்கள் அடுத்த பதிப்பிலேனும் பழம்பாடல்களுக்குச் சுரக்குறியீடு சேர்க்கட்டும். பக்கம் கூடும், விலை கூடும் என்பார்கள். வண்ண அட்டைக்குக் கூடும் விலையைப் பற்றி இதுவரை எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

மதுரை மல்லிகைக்குப் பெயர் மதுரையின் பெயர். ஆனால் அந்தச் செடிக்கு நாற்று தங்கச்சிமடத்து மணலிலிருந்தும் போகிறது. பூ அன்றே வாடிவிடும். அதை ஊர்விட்டு ஊர் அனுப்பினால் மணம் ஒரு நாள்தான். நாற்றை அனுப்பினால், போன இடத்தில் வேர்பிடித்து ஆண்டுதோறும் பூக்கும். பூவைப் பறித்து நாற்றை மறப்பவன் தோட்டக்காரன் அல்லன் என்பது அவ்வூர்ச் சிறுவருக்கும் தெரியும். நம் முற்றங்களில் பாடும் குரல்கள் பூக்கள். அவற்றிலிருந்து நாற்றெடுக்க நமக்கு இன்னும் எத்தனை தவக்காலங்கள் தரப்படும் என்பதை அறியோம். அடுத்த தவக்காலத்துக்குள் தொடங்குவோம்.